நிம்கரின் கழுத்தும் ஜஸ்ரினின் மாலையும்

பதினான்கு விநாடி வீடியோ ஒன்று ரொறன்ரோவில் தமிழர் நிறைந்த மல்வேர்னில் ஒரு வீடு மிச்சமில்லாமல் சுற்றிவிட்டது. அதில் என் தம்பி ஜஸ்ரின் தேநீர்த் தட்டோடு ஒரு மேடையில் நிற்கிறான். எங்கள் யோசப் மாமா அவன் கழுத்தில் மாலை போடுகிறார். பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் தலை குனிந்து நிற்கிறார். தமிழ்க்கடையில் மீன் வெட்டித் தரும் இடத்தில் நின்ற ஒருவர், அந்தப் பெரிய மனிதர் கலைக்கு மரியாதை செய்து குனிந்து நிற்கிறார் என்று நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதையாம்! அந்த மனிதரை நான் கிட்ட நின்று பார்த்தவள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஜஸ்ரினுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பிறம்ரனில் ஒரு வெயாஹவுஸில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறான். நாங்கள் பாசையூர்க்காரர். பத்தொன்பது வயதில் அவன் கனடாவுக்கென்று வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் அவனைப் பம்பாயில் இறக்கி, 'அடுத்த கிழமை பிளேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அடுத்த கிழமை வர நாலு வருடம் சென்றது.

அந்த நாலு வருடமும் தாதர் என்ற இடத்தில் ஒரு மராத்தி நாடக அரங்கின் கன்ரீனில் அவனுக்கு வேலை. மராத்திக்காரருக்கு நாடகம் என்றால் உயிர். இடைவேளையில் வெளியே வந்து உருளைக்கிழங்கு வடையும் தேநீரும் எடுக்காவிட்டால் நாடகம் பார்த்ததாகவே அவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கூட்டத்துக்கு வடை போட்டுக் கொடுத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டால், மிச்ச நாடகத்தைக் கதவோரம் நின்று பார்க்கலாம். இப்படி எத்தனையோ மராத்தி நாடகங்களின் பின்பாதி அவனுக்குப் பாடம். முன்பாதி ஒன்றுகூடத் தெரியாது. ஆர் ஆரைக் கொன்றது என்று சொல்லுவான், ஏன் கொன்றது என்று கேட்டால் முழிப்பான். மராத்தியும் ஹிந்தியும் அப்படித்தான் அவன் வாயில் ஏறின.

இங்கே வந்த பிறகு, கோடை வந்தால் ரொறன்ரோவில் ஹிந்திப் படம் எடுக்கப் பம்பாயிலிருந்து ஆட்கள் வருவார்கள். பின்னால் நிற்க முகங்கள் வேண்டும். ஜஸ்ரின் விடுமுறை எடுத்துக்கொண்டு போவான். ஒரு படத்தில் கலியாண வீட்டில் தண்ணீர் பரிமாறினான். ஒரு படத்தில் ரக்சி ஓட்டினான், பிடரி மட்டும் தெரிந்தது. இரண்டு படங்களில் பிணமாகப் படுத்தான். கறுத்த முகம், தாடி வைத்தால் கெட்டவனின் கூட்டாளிக்குப் பொருந்தும் என்று ஓர் உதவி டைரக்ரர் அவனுடைய முகத்தை நாடியில் பிடித்துத் திருப்பிப் பார்த்துச் சொன்னானாம், சந்தையில் ஆடு பார்க்கிறவன் மாதிரி. எல்லாமாக ஒன்பது படம். ஒரு சொல் வசனம் இல்லை.

எங்கள் சொந்தக்காரர் அதைச் சும்மா விடுவார்களா? பெரியம்மாவின் மகன் டெனிஸ்டன் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் அவனைக் கண்டவுடன் ஒன்றைத்தான் கேட்பான்.

"என்ன ஹீரோ, பிணம் எழும்பீற்றுதோ?"

டெனிஸ்டன் வீடு விற்பவன். விளம்பரத்துக்குத் தன் படத்தைத் தானே பஸ் தரிப்பிடத்து வாங்கில் ஒட்டிவைத்திருக்கிறான். அந்தப் படத்தின் மேல் சனம் உட்காருகிறது. அவன் நடிப்பைப் பற்றிப் பேசுகிறான்.

போன வருடம் சித்திரை மாதம் வெயாஹவுஸில் ஜஸ்ரினின் மேற்பார்வையாளரான மிலிந்த் என்ற மராத்திக்காரர் அவனை ஒருபக்கம் கூப்பிட்டார். அவர்களுடைய சங்கம் பம்பாயிலிருந்து ஒரு நாடகத்தைக் கூப்பிட்டிருந்தது. பிறம்ரனில் ஒரு காட்சி, அடுத்த சனிக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு காட்சி. நாடகத்தில் இருந்த வேலைக்காரப் பாத்திரக்காரருக்கு விசா கிடைக்கவில்லை. மராத்தி பேசத் தெரிந்த ஓர் ஆள் உடனே தேவை.

நாடகத்தின் தலைவர் வசந்த் நிம்கர். பெயரைச் சொன்னால் மராத்திக்காரர் எழும்பி நிற்பார்கள் என்று ஜஸ்ரின் சொன்னான். முதலில் மராத்தி மேடை. பிறகு ஹிந்திப் படத்தில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். பிறகு வில்லன். தொந்தி வைத்ததும் பொலிஸ் கமிஷனர். தலை நரைத்ததும் கதாநாயகியின் தகப்பன். கடைசியில் டிவியில் சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்குப் புள்ளி போட்டு அழுகிறவர். இப்போது அதுவும் குறைந்துபோக, இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு நாடகத்தைத் தூக்கிக்கொண்டு ஊரூராகத் திரிகிறார். ஓய்வுபெற்ற ஒரு நீதவானும் அவருடைய வேலைக்காரனும்தான் கதை.

வட்ஸ்அப் வீடியோவில் ஜஸ்ரினை வாசிக்கச் சொன்னாராம். அந்த நேரம் ஒருவர் கீழே இருந்து அவருடைய கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். கேட்டு முடிந்ததும் சொன்னதை ஜஸ்ரின் எனக்கு அப்படியே சொன்னான்.

"'உன்ரை மராத்தியிலை மதராசி மணக்குது. நல்லது. வேலைக்காரனை மதராசி ஆக்குவம். நீ வாயைத் திறந்தாலே சனம் சிரிக்கும்' எண்டார் அக்கா."

"அதுக்கு நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன். அக்கா, வசனம் இருக்கு. முழு நாடகத்திலையும் கதைக்கிறன்."

இன்னொன்றும் இருந்தது. ஆவணி மாதம் நிம்கர் நடிக்கும் ஒரு ஹிந்திப் படம் ரொறன்ரோவில் எடுக்கப்போகிறார்கள். அதில் ஒரு மோட்டல்காரன் பாத்திரம். நாலைந்து வரி பேசவேண்டும். நாடகம் நன்றாகப் போனால் டைரக்ரரிடம் சொல்லி அதை ஜஸ்ரினுக்கு எடுத்துத் தருவதாக நிம்கர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது படத்தில் வாய் திறக்காதவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நாலைந்து வரிக்காகத்தான் பிறகு நடந்ததெல்லாம்.

நிம்கர் வந்து மார்க்கத்தில் ஒரு டொக்ரர் வீட்டில் தங்கினார். ஒத்திகை பார்க்க அவருக்கு நேரமில்லை. வரவேற்புகளுக்கு நேரம் இருந்தது. ஒரு வரவேற்புக்கு ஜஸ்ரின் அவருடைய பைகளைத் தூக்கப் போனான். அவனைக் கூட்டிவரப் போன நான் கதவடியில் நின்று பார்த்தேன். மாலை பைக்குள்தான் இருக்கிறது. அதை எடுக்கிறவர் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அதற்குள் நிம்கரின் கழுத்து கீழே இறங்கிவிட்டது. கண் மூடி, கை கூப்பி, மாலை வந்து விழும்வரை அப்படியே நின்றார். அன்று ஐந்து மாலை. ஐந்துமுறையும் மாலைக்கு முன் கழுத்து. இவ்வளவு வருட நடிப்பில் அவர் பிழையில்லாமல் செய்தது அது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். வசனம்கூட அவருக்குப் பாடமில்லை. காதுக்குள் ஒரு சின்னக் கருவி. திரைக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை கதிரையில் இருந்து வாசிக்க வாசிக்க இவர் முன்னால் நின்று கண் கலங்குவார்.

பிறம்ரன் காட்சிக்கு மல்வேர்னிலிருந்து இரண்டு கார்களில் போனோம். டெனிஸ்டனும் வந்தான், சிரிப்பதற்கு. யோசப் மாமா கையில் ஒரு கடைப்பை வைத்திருந்தார். அவர் அம்மாவின் தம்பி. எழுபத்திமூன்று வயது. இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், இன்றைக்கும் கண்ணாடி போடாதவர். பைக்குள் கார்னேஷன் மாலை இருப்பது எனக்குத் தெரியும். நாடகம் முடிந்து வெளியே வைத்துப் போடுவார் என்று நினைத்தேன்.

மராத்திக்காரர் நாடகம் தொடங்க மூன்றுமுறை மணி அடிப்பார்கள். மூன்றாம் மணி அடித்தால் திரை எழும்பும், ஆர் வந்தாலும் வராவிட்டாலும். எங்கள் ஆட்கள் அதை நம்பவில்லை. மூன்றாம் மணிக்குப் பிறகும் டெனிஸ்டன் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு நின்று, இருட்டுக்குள் ஆரோ ஒருவருடைய மடியில் போய் இருந்தான்.

நிம்கர் ஒரு சாய்வுக் கதிரையில் இருந்து தனிமையைப் பற்றி நீளமாகப் பேசினார். எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு ஜஸ்ரின் தேநீர்த் தட்டோடு வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துவாய். முதல் வசனத்தைச் சொன்னான். மண்டபம் சிரித்தது. இரண்டாவதைச் சொன்னான். இன்னும் சிரித்தது. மதராசி மணத்துக்கு அல்ல. அவன் தட்டை வைத்த விதத்துக்கு, நீதவானை அவன் பார்த்த பார்வைக்கு.

அந்த நேரம்தான் மாமா எழும்பினார்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு வழமை உண்டு. ஒருவர் முதன்முதலாக மேடைக்கு வந்து வாய் திறப்பதை வரவு என்போம். வரவு முடிந்த கையோடு அவருடைய சொந்தக்காரர் மேடையில் ஏறி மாலை போடுவார்கள். கூத்து நிற்கும். மாலை விழும். பிறகு கூத்து ஓடும். அரசனுக்கும் போடுவார்கள், சேவகனுக்கும் போடுவார்கள். தாய்மாமன் போடாவிட்டால் அது குடும்பத்துக்கே குறை. மாமாவுக்கு மேடை என்றால் அந்த மேடைதான். மராத்தி மேடை, சீன மேடை என்றெல்லாம் அவருக்கு வித்தியாசமில்லை.

"மாமா, இருங்கோ!" என்று நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை. பெடியன் வரவு குடுத்திட்டான், பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

முழங்கால் ஒபரேஷன் செய்த மனிதர், பக்கப் படியில் ஒவ்வொன்றாக ஏறினார். நிம்கர் பேச்சை நிறுத்தினார். ஒரு கிழவர், கையில் மாலை. அவ்வளவுதான் அவருடைய கண்ணில் பட்டது. கழுத்து கீழே இறங்கியது. கண் மூடியது. கை கூப்பியது.

மாமா அவருக்கு முன்னால் வந்து நின்றார். வழியை மறைத்துக்கொண்டு ஒருவர் குனிந்து நிற்கிறார், என்ன செய்வது?

"கொஞ்சம் தள்ளுங்கோ தம்பி," என்றார்.

சொல்லிவிட்டு அவரைச் சுற்றிப் போய் ஜஸ்ரினின் கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். நிம்கர் இன்னும் குனிந்தபடிதான். ஜஸ்ரின் தட்டைக் கீழே வைக்கவில்லை. வேலைக்காரனாகவே நின்று, நீதவானைப் பார்த்து மராத்தியில் ஒரு வரி சொன்னான். 'ஐயா, ஊரிலிருந்து என் மாமா வந்திருக்கிறார், இவருக்கும் ஒரு தேநீர் போடட்டுமா?' என்பது அதன் பொருள்.

மண்டபத்தில் இருந்த நானூறு பேரும் கதிரையில் இருக்கமுடியாமல் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அப்போதுதான் நிம்கர் கண்ணைத் திறந்தார். காதுக்குள் இருந்த பெண்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். அடுத்த வரி வர அவர் கனநேரம் காத்து நின்றார்.

நாடகம் முடிந்து உடுப்பு மாற்றும் அறைக்கு நானும் போனேன். நிம்கர் கத்தியது மராத்தியில். எனக்கு மொழி தெரியாது. ஆனால் அவர் தன் கழுத்தை மூன்றுமுறை தொட்டுக் காட்டியது விளங்கியது. மிலிந்த் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டொக்ரர் விசிறினார். காரில் ஏறிய பிறகுதான் ஜஸ்ரின் சொன்னான்.

"மார்க்கம் காட்சி முடிய மாமா மேடைக்கு வந்து அவருக்கு மாலை போடவேணுமாம். மாமாவுக்குக் கண் பார்வை குறைவு, ஆளை மாறிப் போட்டிட்டார் எண்டு நான் மைக்கிலை சொல்லவேணுமாம். அப்பதான் படமாம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லையாம்."

அவரைப் பார்க்க அறைக்கு வெளியே கியூவில் நின்ற சனத்துக்கு இது தெரியாது. ஒரு கார்னேஷன் மாலைக்காக ஒரு தொழிலாளியின் வாயில் பொய்யை வைத்து அழுத்துகிற மனிதரோடு நின்று படம் பிடிக்க அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அடுத்தநாள் பின்னேரம் என் வீட்டுக் குசினியில் ஜஸ்ரின் மாமாவிடம் சொன்னான்.

"நான் படத்துக்குப் போகேல்லை மாமா. எழுபத்திமூண்டு வயசிலையும் கண்ணாடி போடாத மனுசனைக் குருடன் எண்டு சொல்லி எனக்கொரு பாத்திரம் வேண்டாம்."

மாமா கணவாய்க் கறியும் புட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்தாளுக்கு என்ன வேணுமாம்? மாலைதானே?"

"ஓம்."

"போட்டால் போச்சு. கண் தெரியாது எண்டு சொல்லு. வேணுமெண்டால் காதும் கேளாது எண்டு சொல்லு. நீ கதைக்கிறது படத்திலை வரவேணும், அவ்வளவுதான்."

கையைக் கழுவிவிட்டுப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். ஜஸ்ரினுக்குப் போட்ட அதே மாலை, கணவாய்க் கறிச் சட்டிக்குப் பக்கத்தில், கடைப்பைக்குள் இருந்தது. பூவின் ஓரம் மண்ணிறமாகத் தொடங்கியிருந்தது.

"மாமா, அது பெடியன்ரை கழுத்திலை கிடந்த மாலை," என்றேன்.

"ஏன் பிள்ளை, அந்தாளுக்குப் புதுசு வாங்கச் சொல்லுறியோ?"

"மணக்கும்."

"மணக்கட்டும். அந்தாள் கண்ணை மூடிக்கொண்டுதானே நிப்பார்."

ஜஸ்ரின் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை வரை மாலை ஃபிரிட்ஜில் இருந்தது. மார்க்கத்தில் திரை விழுந்து மறுபடி எழும்பியதும் ஜஸ்ரின் மைக்கைப் பிடித்து, சொல்லச் சொன்னதைச் சொன்னான். மெல்லிய குரலில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. மாமா படியேறிப் போனார். நிம்கரின் கழுத்து வழமைபோல முந்திக்கொண்டது. மாலை விழுந்ததும் அவர் பூவை மூக்கில் வைத்து ஆழமாக முகர்ந்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் கைதட்டல் தொடங்கிவிட்டதால் மறுபடி மலர்ந்தது. என் பக்கத்தில் இருந்த டெனிஸ்டன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். மாலையோடு எடுத்த படத்தை நிம்கர் தன் இணையப் பக்கத்தில் போட்டார். கனடாவில் வாழும் கண் பார்வையற்ற தமிழ் ரசிகரின் அன்பு என்று கீழே எழுதியிருப்பதாக ஜஸ்ரின் வாசித்துச் சொன்னான். பன்னிரண்டாயிரம் பேர் இருதயம் போட்டிருந்தார்கள். கணவாய்க்குப் போட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாக்கை அவர் காப்பாற்றினார், அதையும் எழுதவேண்டும். ஆவணியில் கிங்ஸ்ரன் வீதிப் பக்கம் ஒரு மோட்டலில் படப்பிடிப்பு. ஜஸ்ரின் மேசைக்குப் பின்னால் நின்று நாலு வரி பேசினான். அதை எங்கள் எல்லோருக்கும் மாறிமாறிச் சொல்லிக் காட்டினான். மாசி மாதம் படம் வந்தது. ஸ்காபரோவில் தியேட்டருக்குப் போனோம். மாமாவின் கையில் மறுபடியும் கடைப்பை. இந்தமுறை புது மாலை.

"தியேட்டரிலை மேடை இல்லை மாமா," என்று சொல்லிவைத்தேன்.

"தெரியும். வெளியிலை வைச்சுப் போடுவன். வரவைப் பாத்திட்டு."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மோட்டல் வந்தது. ஜஸ்ரின் வந்தான். வாயைத் திறந்தான். உள்ளிருந்து வேறு ஆருடையதோ குரல் வந்தது. மூக்கால் பேசுகிற, கோமாளிக் குரல். மதராசி என்றால் இப்படித்தான் பேசுவான் என்று பம்பாயில் ஆரோ நினைத்துப் பேசியது. தியேட்டரில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாலு வரியும் அந்தக் குரலில் போனது. சின்னப் பாத்திரக்காரரைக் குரல் கொடுக்கப் பம்பாய்க்குக் கூப்பிடமாட்டார்கள், அங்கே இருக்கிற ஒருவரைப் பேச வைத்துவிடுவார்கள் என்று பிறகு மிலிந்த் சொன்னார். நிம்கருக்கு அது முதலே தெரிந்திருக்கும். இத்தனை படம் நடித்தவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் அதை விலையாகக் காட்டி மாலை வாங்கினார்.

கார் தரிப்பிடத்துக்கு வந்தோம். மாமா பையைத் திறந்து மாலையைப் பார்த்தார்.

"உது ஆற்றை குரல்?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா."

"அப்ப உது உன்ரை வரவு இல்லை."

பையை மூடிவிட்டார். ஜஸ்ரின் அவரைப் பார்த்தான். அவன் முகம் விழுந்துபோகும் என்று பயந்தேன். விழவில்லை.

"ஓம் மாமா," என்றான். "அண்டைக்கு மேடையிலை போட்டது போதும்."

டெனிஸ்டன் பிணம் எழும்பியதா என்று கேட்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அளவுக்காவது அவனுக்கு அறிவு இருந்தது.

இந்த வருடம் பிறம்ரன் சங்கம் பம்பாயிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. தாங்களே ஒரு நாடகம் போடுகிறார்கள், ஐப்பசியில். ஜஸ்ரினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரம். முதற்காட்சியிலிருந்து கடைசிவரை பேசுகிறான். ஒரு நாடகத்தின் முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்து இப்போதுதான் தெரியும் என்கிறான். ஷிஃப்ற் முடிந்து லொறி ஏற்றுமிடத்தில் வைத்து அவனும் மிலிந்தும் ஒத்திகை பார்க்கிறார்களாம்.

போன கிழமை மிலிந்த் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்றாம் மணி அடிக்க முதல் தமிழில் ஓர் அறிவித்தல் சொல்லவேண்டுமாம். நாடகம் நடக்கும்போது தயவுசெய்து ஒருவரும் மேடையில் ஏறவேண்டாம் என்று. எழுதிக் கொடுத்தேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"நல்ல தமிழ்," என்றார். பிறகு பூக்கடைக்குத் தொலைபேசி எடுத்து மாலைக்குச் சொன்னார்.